பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்: கொள்ளுத் தாத்தாவைத் தேடும் வழி

முனுசாமியின் மகன் கோவிந்தசாமி. கோவிந்தசாமியின் மகன் முனுசாமி. அந்த முனுசாமிக்குப் பிறந்தவனும் கோவிந்தசாமி. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உள்ள வீடுகளில் வம்சம் இப்படித்தான் இறங்கி வரும். போதாததற்கு, அண்ணன் தம்பி நால்வரும் ஆளுக்கொரு மகனுக்குத் தங்கள் தகப்பனார் பெயரையே வைத்திருப்பார்கள். ஒரே தெருவில், ஒரே காலத்தில் நான்கு முனுசாமிகள். ஊராருக்கு இதில் குழப்பமே இல்லை. ‘மேலண்டை வீட்டு முனுசாமி’, ‘நெட்டை முனுசாமி’ என்று பிரித்துச் சொல்லிக்கொண்டார்கள். குழப்பம், நூறு ஆண்டு கழித்துப் பதிவேட்டைப் புரட்டுகிற நமக்குத்தான். நெட்டையும் மேலண்டை வீடும் அதில் ஏறியிருக்காது.

முன்னோரைத் தேடுவதற்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களை நினைத்து எழுதப்பட்டவை. ‘குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றே அவை தொடங்கும். தலைமுறைக்கு ஒருமுறை இனிஷியல் மாறிக்கொண்டே போகிற நமக்கு அந்த முதல் படியிலேயே கால் இடறுகிறது. ஆகவே தமிழ்க் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடுபவர் வேறு இடத்தில் கைவைக்க வேண்டும். எங்கே என்பதற்கு, பழைய அரசாங்கம் சாதாரண மனிதனை எதற்காகத் தாளில் எழுதியது என்று கேட்டால் போதும். அவனிடம் வரி வாங்குவதற்காக எழுதியது. அவனிடம் வேலை வாங்குவதற்காக எழுதியது. வரிக்காக எழுதியபோது அவன் நிலத்துக்கு ஒரு சர்வே எண் கொடுத்தது. வேலைக்காகக் கடல் கடந்து அனுப்பியபோது அவனுக்கே ஓர் எண் கொடுத்தது. பெயரை எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதினார். எண்ணில் மட்டும் கவனமாக இருந்தார். ஏனென்றால் அதில்தான் பணம் இருந்தது.

இந்த இரண்டு எண்களில் ஒன்றையாவது பிடிப்பதுதான் வேலை. அதற்கு முன்பு வீட்டில் சில நாள் செலவிட வேண்டும்.

வீட்டில் கிடைப்பவை

பெரியவர்களிடம் போய், ‘நம் வம்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் அரிச்சந்திர புராணம்தான் வரும்: ஏழு கிணறு இருந்தது, யானை கட்டிப் போரடித்தோம், பங்காளி ஏமாற்றிவிட்டான். சிறிய கேள்விகளாகக் கேட்பது நல்லது. பாட்டி எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்? எந்த வயலில் நாற்று விட்டார்கள், அந்த வயலுக்கு என்ன பெயர்? தாத்தாவுக்கு எந்த மாதம், எந்தத் திதியில் திவசம் கொடுக்கிறோம்? குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, அந்தக் கோவிலுக்கு வரி கட்டும் மற்ற தலைக்கட்டுகள் யார்?

கடைசிக் கேள்விக்கு எடை அதிகம். குடும்பம் நான்கு ஊர் மாறியிருக்கும், குலதெய்வம் மாறியிருக்காது. இருக்கும் ஊருக்கும் குலதெய்வக் கோவிலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருந்தால், அந்தத் தூரத்தை யாரோ ஒரு முன்னோர் நடந்து கடந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். கோவில் வரி நோட்டில் தலைக்கட்டுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவர்களில் பலர் பங்காளிகள், அதாவது ஆண் வழியில் எங்கேயோ ஒரு பொதுப் பாட்டனைப் பகிர்ந்துகொள்பவர்கள். உங்கள் வீட்டில் மறந்துபோன பெயர் அவர்களில் ஒருவர் வீட்டில் நினைவில் இருக்கலாம்.

அடுத்தது மொய் நோட்டு. கல்யாணத்திலும் காதுகுத்திலும் மொய் எழுதிய பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். வம்ச ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல ஆவணம் வீட்டில் வேறு இல்லை என்பது என் துணிபு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். சில நோட்டுகளில் தாய்மாமன் சீர் முதலில் தனியாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியில் பாட்டியின் பிறந்த ஊரும், அவர் அண்ணன் தம்பி பெயரும் கிடைத்துவிடும். 50 ஆண்டுக்கு முன் எங்கிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள் என்று அந்த ஊர்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். குடும்பத்தின் உறவு வட்டம் கண்முன் விரியும்.

பரணில் இருக்கும் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களையும் திருப்பிப் பாருங்கள். பெயர், ஊர், தேதி வெட்டியிருப்பார்கள். சீதனமாக வந்த குடத்தில் பெண்ணின் பெயரே இருப்பதுண்டு. நில ஆவணங்களில் தேடினாலும் கிடைக்காத பெயர் அது. ஜாதகக் குறிப்பு இருந்தால் பிறந்த நாள் அதிலிருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைவிட ஜாதகத்தை நம்பலாம். ஐந்து வயது நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்ற விதிக்காக, தலைமையாசிரியர் மனக்கணக்கில் ஒரு தேதியைப் போட்டு எழுதினார். நம் தாத்தாக்களில் இத்தனை பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் பிறந்த அதிசயம் அப்படி நடந்ததுதான்.

நிலத்தின் வழியாகப் பின்னோக்கி

குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமாவது இருந்தால், அல்லது ஒரு காலத்தில் இருந்து விற்கப்பட்டிருந்தால், தேடலின் முதுகெலும்பு அதுதான். இன்று யார் பெயரில் இருந்தாலும் கவலையில்லை. வயலின் பெயரையும் இருப்பிடத்தையும் வைத்து அதன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். எண் தெரிந்தால் ‘அ’ பதிவேட்டின் நகலை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பதோடு பழைய சர்வே எண் என்ன என்பதற்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பழைய எண்தான் பின்னோக்கிப் போகும் படிக்கட்டு.

1980களில் தமிழ்நாடு முழுவதும் நிலக் கணக்குகளைப் புதுப்பித்தார்கள். யு.டி.ஆர். என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வது அதைத்தான். அதற்கு முந்தையது செட்டில்மெண்ட் பதிவேடு. ஆங்கிலேயர் காலத்தில் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்தபோது எழுதியது. யு.டி.ஆர். கணக்கில் பிழைகள் மலிந்து கிடப்பது ஊரறிந்த விஷயம். நான்கு பேருக்குப் பொதுவான நிலம் மூத்தவர் ஒருவர் பெயரில் மட்டும் ஏறியிருக்கும், அல்லது எழுத்துப் பிழையோடு வேறு ஆளாகவே மாறியிருக்கும். வாரிசு வழக்குகளுக்குத் தலைவலியான இந்தப் பிழை நமக்கும் தலைவலிதான். யு.டி.ஆரில் தாத்தா பெயர் இல்லை என்பதற்காக அவரிடம் நிலமே இல்லை என்று முடிவு கட்டாமல், அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். அது தாலுகா அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ இருக்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீசாக அமைந்த இடம் அது.

கோவில் பணிக்கோ ஊர்ப் பணிக்கோ மானியமாக நிலம் பெற்ற குடும்பமாக இருந்தால் இன்னொரு வாசலும் திறக்கும். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. அப்போது அனுபவித்து வந்தவர் யார், வயது என்ன, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்றெல்லாம் அதில் எழுதினார்கள். ஓரிரு வரிகளில் மூன்று தலைமுறை கிடைக்கக்கூடிய அபூர்வமான இடம் இது.

பதிவேடுகள் எலும்புக்கூடு என்றால் சதையெல்லாம் பத்திரங்களில்தான். பத்திரப்பதிவு இங்கே 1860களில் தொடங்கியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று கேட்டால், அந்த நிலத்தின் மேல் நடந்த கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் ஆண்டு வரிசையில் வரும். பிந்தைய காலத்துக்கு இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பழையதற்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் ஒன்றாம் புத்தகத்தை, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும்தான் நகல். இறந்த பிறகு யார் கேட்டாலும் உண்டு. கொள்ளுத் தாத்தா உயில் எழுதியிருந்தால் அதைக் கேட்க உங்களுக்குத் தடையில்லை.

பழைய கிரய சாசனத்தை எடுத்துப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர் இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னாருடைய குமாரர், இன்ன மதம், இன்ன ஜீவனம் என்று நீட்டி முழக்கியே தொடங்கும். வாங்குபவருக்கும் அதே வரிசை. ஏன் விற்கிறார் என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்: முன்பு வாங்கிய கடனுக்கு, மகள் கல்யாணச் செலவுக்கு, கோர்ட்டு டிகிரியைத் தீர்க்க. ஒரு மனிதரின் கஷ்ட காலம் எந்த ஆண்டில் வந்தது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். மைத்துனரோ பங்காளியோ அதில் இருக்க வாய்ப்புண்டு. கையெழுத்தா, கைரேகையா, கீறலா என்பதும் ஒரு செய்தி.

புதிதாகத் தேடுபவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு: செக்குபந்தி. விற்கும் நிலத்தின் நான்கு எல்லைகளை எழுதும் இடம். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்று வரும். முன்பு ஒரே துண்டாக இருந்து பாகம் பிரிந்த நிலம் என்றால், அந்த ‘இன்னார்’ அநேகமாக உடன்பிறந்தவர் அல்லது சித்தப்பா மகன். எல்லைக்காரர்களின் பெயர்களைத் தொகுத்து, அவர்கள் நிலத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டு கோடுகளும் ஒரே பாட்டனில் போய் முட்டும்.

கிடைக்கக்கூடியவற்றில் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். பாகஸ்தர் அத்தனை பேரும், மைனர்களும், மைனருக்குக் கார்டியனான தாயாரும் பெயரோடு வருவார்கள். பெண்கள் பெயர் நில ஆவணங்களில் ஏறுவதற்குப் பொதுவாக விதவை ஆகவேண்டும், அல்லது உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும்; நம் ஆவணங்களின் லட்சணம் அது. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அதற்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களில், அதாவது பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரங்களில், அத்தைமார்கள் கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

தேதியைப் படிப்பது

பழைய தாள்களில் மூன்று விதமாகத் தேதி வரும். ஆங்கிலத் தேதி பிரச்சினை இல்லை. பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

தமிழ் வருஷம்தான் சற்றே ஏமாற்றும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது. பிறகு மறுபடியும் பிரபவ. துன்மதி வருஷம் என்றால் 1861-62, 1921-22, 1981-82 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தாளின் வயது, உடன் வரும் மற்ற பெயர்கள், முத்திரைத் தாளில் இருக்கும் தலை விக்டோரியாவா ஜார்ஜா என்பவற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். வருஷம், மாதம், மேற்படி என்பவற்றுக்கு ௵, ௴, ௸ என்று சுருக்கக் குறிகளும், தமிழ் எண்களும் நிறைய வரும். ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் இரண்டாவது பத்திரத்திலேயே பழகிவிடும்.

வாய்மொழியில் வரும் காலக்குறிப்பையும் தள்ளிவிட வேண்டாம். ‘தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர்’ என்று ஒரு கிழவி சொன்னால் அது 1876-78. அந்தத் தாது வருஷம் 1876-77; சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அப்போதுதான் தொடங்கியது. ஒரு பதிவேட்டைத் தேடப்போகும் உங்களுக்கு இதைவிடத் தெளிவான துப்பு தேவையில்லை.

நிலமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு. பண்ணையாளாகவும் கூலியாகவும் இருந்தவர்களின் பெயரை அந்தக் கால நிலக் கணக்கு எழுதவே இல்லை. விதிவிலக்கு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு 1892 முதல் நிலம் ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட நிலம் பழைய பதிவேட்டில் அந்தக் குறிப்போடு இருக்கும். பெற்றவரின் வாரிசுகள் தாத்தாவை மட்டுமின்றி, கைமாறிப் போன நிலத்தையும் சேர்த்தே கண்டுபிடித்த கதைகள் உண்டு.

மற்றவர்களைப் பொறுத்தவரை விசித்திரமான ஒரு நிலைமை இருக்கிறது. சொந்த ஊரின் பதிவேட்டில் ஒரு வரிகூடப் பெறாத மனிதர், கூலிக் கப்பல் ஏறிய அன்று அங்க அடையாளத்தோடு முழுமையாக எழுதப்பட்டார். எந்தப் பட்டாதாரருக்கும் கிடைக்காத விவரம் அவருக்குக் கிடைத்தது.

கப்பல் எண்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் எடுப்பு நின்றுபோயிருந்தது. ‘கொள்ளுத் தாத்தா 1870-இல் நேட்டால் போனார்’ என்று குடும்பத்தில் சொன்னால், ஆண்டைத் திருத்திக்கொள்ள வேண்டும், அல்லது நாட்டை.

போன ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று பத்திகள் ஓடும். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம் என்று எழுதியிருக்கும். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்த மனிதரின் தோற்றத்தைப் பற்றிக் கிடைக்கும் ஒரே வரி அதுதான். பெண்களுக்கும் தனி எண், தனி வரி, தனி அடையாளம் உண்டு. மூலப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் உள்ளன. டர்பனில் இருக்கும் காந்தி-லூத்துலி ஆவண மையம் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

எண் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை எளிது. எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார், யாரைக் கல்யாணம் செய்து பதிந்துகொண்டார், ஒப்பந்தம் முடிந்து எப்போது விடுதலைச் சீட்டு வாங்கினார், ஊர் திரும்பினாரா, அங்கேயே இறந்தாரா என்பதெல்லாம் குடிவரவோர் பாதுகாவலர் அலுவலகத்துத் தாள்களில் அந்த எண்ணைச் சுமந்துகொண்டே வரும். அங்கே மூன்சாமி என்றும் முனிசாமி என்றும் முனியன் என்றும் ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். எண் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கவுண்டர் கவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் போக, கப்பல் ஏறிய தாத்தாவின் சொந்தப் பெயரே வம்சத்துக்குக் குடும்பப் பெயராகிப்போன வீடுகளும் ஏராளம். பெருமாள் என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் வந்தால், பெருமாள் என்ற ஒரு தனி மனிதரைத்தான் பட்டியலில் தேட வேண்டியிருக்கும்.

இங்கே, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, காணாமல் போன ஒருவரைத் தேடுபவர்கள் பட்டியலில் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் அதை எத்தனை விதமாகச் சிதைத்திருக்க முடியும் என்று யோசித்து அத்தனையையும் தேடுங்கள். மாவட்டத்திலும் கவனம் வேண்டும். பட்டியலில் ‘வட ஆற்காடு, சித்தூர்’ என்று இருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். சேலம் என்று இருந்தால் இன்றைய தருமபுரியாகவோ கிருஷ்ணகிரியாகவோ நாமக்கல்லாகவோ இருக்கலாம். சேலம் ஜில்லாவின் காவிரிக் கரை ஊர் என்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு: 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குள் அது மூழ்கியிருக்கலாம்.

மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்குள்ள மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிந்தைய சில பதிவேடுகளில் ஆளின் புகைப்படமே ஒட்டியிருக்கும். பிஜிக்கு 1879-இலேயே கூலிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டாலும், சென்னையிலிருந்து கப்பல் விட்டது 1903 முதல்தான், 1916-இல் நின்றுவிட்டது. எனவே ‘தாது வருஷப் பஞ்சத்தில் பிஜி போனார்’ என்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் சொன்னால் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். அனேகமாகப் பஞ்சத்தைத்தான். தலைமுறைகள் கடக்கும்போது பின்னால் நடந்த சின்னப் பஞ்சம் பெரிய பஞ்சத்தோடு ஒட்டிக்கொள்வது வழக்கம்.

இலங்கை, மலாயா, பர்மா போனவர்களுக்கு இந்த வசதி குறைவு. கங்காணி ஊரில் வந்து உறவுமுறையில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போனதால், நேட்டால் பட்டியல் போல ஆளுக்கு ஒரு வரி கிடைப்பது அரிது. இங்கே தோட்டத்தின் பெயரைப் பிடித்துப் போக வேண்டும். 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் அந்தக் கால இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பத்திரமாக இருக்கும். பெயர்களும் உறவும் அவற்றில் உண்டு. அங்கிருந்துதான் பின்னோக்கி நகர வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாக்கியசாலிகள். பங்கு ஆலயத்தில் குழந்தை, தாய், தந்தை, ஞானப்பெற்றோர் என்று எல்லாப் பெயரும் தேதியோடு கிடைக்கும். மதம் மாறிய தலைமுறையோடு அந்தக் கோடு நின்றுவிடும். அதற்கு முன்னால் போக மறுபடியும் நிலம்தான். முனிசிபாலிட்டி, கிராமப் பிறப்புக் கணக்குகளில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பழைய பிறப்புப் பதிவில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. இன்னாருக்கு ஆண் குழந்தை என்பதோடு சரி. ஊர்க் கணக்கும் வரியும் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் கைமாறின. எல்லாம் ஒழுங்காகக் கைமாறின என்று சொல்ல முடியாது.

இவர் அவர்தானா?

ஒரு முனுசாமி கிடைத்துவிட்டார். நம் முனுசாமிதானா? பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தினால் போதாது. முதல் பத்தியில் பார்த்தபடி, ஒரே வம்சத்திலேயே அது இரண்டு மூன்று பேருக்குப் பொருந்தும். ஊர் பொருந்த வேண்டும். காலம் பொருந்த வேண்டும். கூட வருகிற யாராவது ஒருவர், அதாவது மனைவியோ மைத்துனரோ எல்லைக்காரரோ, வேறொரு ஆவணத்திலும் வந்திருக்க வேண்டும். வயதை மட்டும் மன்னித்துவிடலாம். வயது தெரியாதவரை எழுத்தர் ஏற இறங்கப் பார்த்து 25 என்றோ 30 என்றோ போட்டார். கப்பல் பட்டியலில் இளைஞராகக் காட்டுவதில் தரகருக்கு ஆதாயம் இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐந்தாறு வயது முன்பின் இருப்பது தடையாகாது.

சாதிப் பத்தியையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எழுத்தருக்குத் தெரிந்த நாலைந்து பெயர்களில் ஒன்றுக்குள் எல்லாரையும் அடைத்தார். வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஊரில் கிடைக்காத ஒரு பெயரைக் கடலுக்கு அப்பால் சூடிக்கொண்டவர்களும் உண்டு. இந்தப் பத்தி குடும்பக் கதையோடு பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பதிவைத் தள்ளிவிடவும் கூடாது, பொருந்துகிறது என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது.

அலுவலகத்தில் மனு எழுதும்போது ஒரு விஷயம். ‘எங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றிய விவரங்கள் தேவை’ என்று எழுதினால், அப்படிப்பட்ட ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். அவர்கள் சொல்வதும் உண்மையே, தாத்தா பெயரில் அங்கே கோப்பு எதுவும் இல்லை. இன்ன வட்டம், இன்ன வருவாய்க் கிராமம், கிராம எண் இது, பழைய சர்வே எண் இது, இந்த எண்ணுக்கான செட்டில்மெண்ட் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் என்றால் சர்வே எண்ணோடு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும், பத்திர எண் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள். எழுத்தர் எழுந்து போய் அலமாரியைத் திறப்பார்.